ராணியா, யானையா?

இம்மாதம் இப்பகுதியைப் படிக்குமுன் சதுரங்கப் பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அருகே அழைத்துக்கொள்ளுங்கள். நான்கே காய்கள் போதும்.

கட்டங்களை இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையும், வெள்ளையின் பக்கமிருந்து மேல்நோக்கி 1 முதல் 8 வரையும் எண்ணுங்கள். வெள்ளை ராஜா பி6. வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1. கறுப்பு யானை டி5. முதல் ஆட்டம் வெள்ளைக்கு. வெல்ல முடியுமா?

1875-ஆம் ஆண்டில் பென்டன், பாட்டர் என்னும் இருவர் ஆடிய ஆட்டத்தின் முடிவைத் தழுவியது இந்நிலை. 1895-இல் கிளாஸ்கோ நகர வார இதழொன்றின் சதுரங்கப் பகுதியில் பார்பியே என்பவர் இதை ஆராய்ந்து, கறுப்பு தப்பிவிடும். ஆட்டம் சமமே என முடிவு கூறினார். எவ்வாறு?

சிப்பாய் சி7-க்கு ஏறுகிறது. யானை டி6-இலிருந்து ராஜாவுக்குச் செக் வைக்கிறது. ராஜா பி5-க்கே இறங்கவேண்டும். சி5-இல் நின்றால் யானை டி1-க்குப் போய்விடும். சிப்பாய் ராணியானதும் சி1-க்கு வந்து செக் வைத்து, ராஜாவின் பின்னே நிற்கும் ராணியை வெட்டிவிடும். ஆகவே ராஜா பி5; யானை டி5 செக். ராஜா பி4, யானை டி4 செக். ராஜா பி3, யானை டி3 செக். ராஜா சி2. இனி செக் வைக்க வழியில்லை. ஆயினும் யானை டி4-க்குத் திரும்புகிறது. இதுவே கண்ணி! சிப்பாய் ராணியானால், யானை சி4-இல் தன்னையே பலியிட்டுச் செக் வைக்கும். ராணி அதை வெட்டினால் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஆட்டம் சமம்.

அப்போது கிளாஸ்கோவில் வாழ்ந்த பெர்னாண்டோ சாவேத்ரா (1849–1922) என்ற ஸ்பானியக் குருவானவர் இம்முடிவை ஏற்கவில்லை. சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்குங்கள் என்றார் அவர்! இப்போது கறுப்பு யானை சி4-இல் பலியானாலும் கறுப்பு ராஜாவுக்கு ஏ2 கட்டம் திறந்திருக்கும். எனவே ஆட்டம் சமமாகாது. வெள்ளையோ ஏ8-க்குச் சென்று மேட் வைக்க அச்சுறுத்துகிறது. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்கு வந்தே தீரவேண்டும். வெள்ளை ராஜா அமைதியாக பி3-க்கு நகர்கிறது. ஏ4-இல் யானைக்கு ஆபத்து, சி1-இல் மேட். இரண்டையும் ஒருசேரத் தடுக்கக் கறுப்பால் இயலாது. வெற்றி வெள்ளைக்கே!

பார்பியே தம் முடிவு தவறெனக் கண்டு, அத்திருத்தத்தைத் தம் பகுதியிலேயே வெளியிட்டார். உலகப் புகழ் பெற்ற வீரரல்லாத அக்குருவானவரின் பெயராலேயே இன்றும் இந்நிலை வழங்குகிறது.

கைக்கு எட்டிய பெரிய பதவியை விடுத்துச் சிறியதைத் தேர்வது எளிதன்று. ஆனால் ராணியின் மிகுதியான வல்லமையே அங்கு வெற்றியைக் கெடுத்தது. தேவைக்கு ஏற்ற அளவே வெற்றியைத் தந்தது. பிறர் சுட்டிய பிழையை வெளிப்படையாக ஏற்ற பார்பியேயின் நேர்மையும் அதற்குக் குறைந்ததன்று. இன்றிரவு உங்கள் பிள்ளை இப்புதிரில் ராணியைக் கேட்டால், உடனே விடை கூறிவிடாதீர்கள். அந்த யானையை அவனே கண்டுபிடிக்கட்டும்!