கரண்ட் கார் வாங்கலாமா?

'பெட்ரோல் போட்டு மாளலை சார், பேசாம ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கிடட்டுமா?' என்று எங்கள் ஆபீஸ் கான்டீனில் வாரத்துக்கு ஒரு இளைஞராவது என்னைக் கேட்கிறார். என்னிடம் காரே கிடையாது. அதனால் பாரபட்சமில்லாமல் சொல்வேன் என்று ஒரு நம்பிக்கை!

சின்ன மின்சாரக் கார் ஒன்றும் நமக்குப் புதுசில்லை. 1993-லேயே 'லவ்பேர்ட்' என்று ஒன்று வந்தது. பெயருக்கேற்ப ரெண்டே ஸீட். 2001-ல் பெங்களூரிலிருந்து 'ரேவா'. லண்டனில் அதை 'ஜீ-விஸ்' என்று பெயர் மாற்றி வாங்கினார்கள். அங்கே நகர நெரிசல் கட்டணத்திலிருந்து அதற்கு விலக்கு இருந்தது. நம்மவர்கள் பார்த்துச் சிரித்ததோடு சரி. ரெண்டிலும் இருந்தது வீட்டு இன்வெர்ட்டர் ஜாதி லெட்-ஆசிட் பாட்டரி. கனம் அதிகம், ஓட்டம் கம்மி.

இப்போது லித்தியம் யுகம். டாடா டியாகோ இ.வி. 2022-ல் 8.49 லட்சத்துக்கு அறிமுகமானது. 2023-ல் எம்.ஜி. காமெட், 7.98 லட்சம். இதையே 2024 செப்டம்பரில் 4.99 லட்சத்துக்குத் தருகிறோம் என்றார்கள். ஆஹா என்று பர்ஸை எடுக்காதீர்கள். பாட்டரி வாடகைக்கு, அப்போது கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய். வீட்டை வாங்கிவிட்டு சமையலறைக்கு மட்டும் வாடகை கட்டுகிற கதை!

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கால்குலேட்டர் வேண்டாம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும்.

லிட்டர் நூறு ரூபாய், பதினெட்டு கிலோமீட்டர் மைலேஜ் என்றால் பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் போகும். வீட்டு கரண்டில் ஒரு ரூபாய் சொச்சம்தான் ஆகும். மிச்சம் சுமார் 4.40.

பாட்டரியோடு சேர்த்து வாங்கினால் விலை வித்தியாசம் மூணு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மீட்க 68,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தினம் இருபது கிலோமீட்டர் ஆபீஸ் போய் வருகிறவருக்குப் பதினோரு வருஷத்துக்கு மேல். பாட்டரிக்குப் பொதுவாகத் தரும் வாரண்டியோ எட்டு வருஷம்! தினம் அறுபது ஓட்டுகிறவருக்கு நாலு வருஷத்துக்குள் வந்துவிடும்.

போதாக்குறைக்கு, 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியது. மின்சாரக் காருக்கு அதே 5 சதவிகிதம். முன்பிருந்த இடைவெளி இப்போது இல்லை.

ஆக, கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவன் காரைக் கம்மியாகத்தான் எடுப்பான். கம்மியாக எடுப்பவனுக்கு லாபம் கிடையாது. இதுதான் தமாஷ்.

இன்னொன்று, ப்ளக் பாயிண்ட். சொந்த வீடு, கீழே கார் ஷெட் இருப்பவர் ராத்திரி சொருகிவிட்டுத் தூங்கலாம். மூணாவது மாடி வாடகை போர்ஷன்காரர் என்ன செய்வார்? ஜன்னல் வழியே ஒயர் விடுவாரா? வெளியே சார்ஜ் செய்தால் யூனிட் விலை ரெண்டு மடங்குக்கு மேலும் போகும். மிச்சப்படுத்த வேண்டிய அவசியம் யாருக்கு அதிகமோ, அவருக்குத்தான் வசதி இல்லை. காரின் விலையைக் குறைத்தவர்கள் அபார்ட்மெண்டில் ஒரு ப்ளக்குக்கும் வழி பண்ணினால் புண்ணியம்.

ஆகவே இளைஞர்களே, தினசரி ஓட்டம் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர், வீட்டிலேயே ப்ளக் - ரெண்டும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வாடகை வீடு என்றால், ஷோரூமுக்குப் போகுமுன் ஹவுஸ் ஓனரைப் பாருங்கள். இனி உங்கள் பெட்ரோல் பங்க் அவர்தான்!