பழைய இறுவட்டும் புதிய பெட்டியும்: வாங்கியவனுக்கு உரிமை இல்லையா?

விளையாட்டுப் பெட்டியைப் பற்றி ஓர் அரசியல் வார ஏட்டில் எழுதுவதா என்று முகஞ் சுளிப்போர் இருப்பர். காணிப் பிணக்கும் மொழிப் பிணக்கும் தீராது கிடக்கையில் சிறுவர் விளையாட்டு ஒரு பொருளா என்று கேட்பர். கேட்கட்டும். பணங் கொடுத்து வாங்கிய பொருளின்மேல் வாங்கியவனுக்கு உள்ள உரிமை யாது என்பதே இங்கு எழும் கேள்வி. அக்கேள்வி இன்று சிறுவர் அறையில் நிற்கிறது. நாளை வயல் வரம்பிலும் வந்து நிற்கும்.

நமது கரையோர ஊர்களை எடுத்துக்கொள்வோம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைக்கும் தந்தையரைக் கொண்ட வீடுகள் எத்தனை! பாலை வெயிலில் உழைத்த காசில், பெருநாளைக்கு ஊர் திரும்பும் வாப்பா பிள்ளைக்கென்று ஒரு பிளேஸ்டேசன் பெட்டியையும் அதில் ஓடும் இறுவட்டுகள் நாலைந்தையும் கொண்டு வருகிறார். சில ஆண்டுகளில் பெட்டி பழுதாகிறது. திருத்தப் பாகம் கிடைப்பதில்லை. புதிய பெட்டி வருகிறது. பழைய இறுவட்டை அதனுள் இட்டால் பெட்டி ஏற்க மறுக்கிறது. இறுவட்டில் கீறலில்லை, பெட்டியிலும் குறையில்லை. இரண்டையும் விற்றது ஒரே கம்பனி!

எப்பொழுதும் இவ்வாறு இருந்ததில்லை. 2000ஆம் ஆண்டு சோனிக் கம்பனி தனது இரண்டாவது பிளேஸ்டேசனை வெளியிட்டபோது, முதற் பெட்டியின் விளையாட்டுகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் அது ஏற்றது. வாங்குவோர் அதனை விரும்பினர். 16 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் விலையாயின. 2006இல் வந்த மூன்றாவது பெட்டியின் முதல் வார்ப்புகளுள் பழைய பெட்டியின் சில்லுகளையே பொருத்தியிருந்தனர். அடுத்த ஆண்டே, செலவைக் குறைப்பதற்காக மலிவான வார்ப்பிலிருந்து அவ்வசதியை எடுத்துவிட்டனர். 2013இல் வந்த நான்காவது பெட்டி மூன்றாவதன் இறுவட்டைத் தீண்டவேயில்லை. 2020இல் வந்த ஐந்தாவது பெட்டி நான்காவதன் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஏற்கிறது. அதற்கு முந்தியவற்றின் இறுவட்டுகளை ஏற்பதில்லை. ஐந்தாவதிலேயே இறுவட்டு இடும் வாயில்லாத வார்ப்பு ஒன்றும் உண்டு. அதனை வாங்கியவர் வீட்டிலுள்ள நான்காவதன் இறுவட்டுகளைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

கம்பனியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது பெட்டியின் மையச் சில்லு ஏனையவற்றினின்றும் முற்றாக வேறுபட்டது. அதற்கென எழுதிய கட்டளைகளை இன்னொரு சில்லுக்கு விளங்கவைப்பது எளிய வேலையன்று. எனினும் இயலாத வேலையுமன்று. மைக்ரோசொப்ட் கம்பனி 2015ஆம் ஆண்டிலிருந்து தனது பழைய எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுகளை நூற்றுக்கணக்கில் புதிய பெட்டியில் ஓடச் செய்தது. பழைய இறுவட்டை இட்டவரிடம் மறுபடியும் விலை கேட்கவில்லை. 2021இல் அப்பணியை நிறுத்தியபோது அது சொன்ன காரணங்களுள் பொறியியல் தடை ஒன்று. உரிமப் பத்திரங்களும் சட்டமும் விதித்த தடை மற்றொன்று.

அங்கேதான் சட்டத்தரணியின் காது நிமிர்கிறது.

1999இல் கொனெக்டிக்ஸ் என்னும் சிறு கம்பனி, பிளேஸ்டேசன் விளையாட்டுகளை மக்கின்டோஷ் கணினியில் ஓடச் செய்யும் ஒரு நிரலை விற்றது. சோனி வழக்குத் தொடுத்தது. அத்தகைய நிரலை ஆக்குவதற்காகப் பெட்டியின் உட்கட்டளைகளைப் பிரதிசெய்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு மன்று தீர்ப்பளித்தது. சோனி என்ன செய்தது? மறு ஆண்டு அந்த நிரலையே விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்திவிட்டது! மன்றில் தோற்றவர் சந்தையில் வென்றார்.

இறுவட்டு உள்ளவரையில் கையில் ஒரு பொருளாவது மிஞ்சும். இப்பொழுது அதுவும் நீங்கி வருகிறது. நின்டெண்டோ கம்பனி 2023 மார்ச்சில் தனது பழைய பெட்டிகள் இரண்டின் இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. 2025இல் அது வெளியிட்ட புதிய பெட்டிக்கான அட்டைகள் சிலவற்றில் விளையாட்டே இல்லை. அதனை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் திறப்பு மாத்திரமே உண்டு. 'த குரூ' என்னும் ஓட்டப் பந்தய விளையாட்டை விற்ற யூபிசொப்ட் கம்பனி 2024 மார்ச்சில் தனது வழங்கியை அணைத்தது. விலை கொடுத்தோர் கையில் வெறும் பெட்டகம் எஞ்சியது. இதனால் மூண்ட கிளர்ச்சியில் ஐரோப்பியக் குடிமக்கள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அமெரிக்காவில் 2010க்கு முன்னர் வெளியான விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று கடைவழி கிடைப்பதில்லை என 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

கம்பனிகள் தரும் விடை, 'நாம் விற்றது பொருளையன்று, பயன்படுத்தும் அனுமதியை' என்பது. காணியை அறுதியாக விற்று உறுதி முடித்துக் கொடுத்தவன் பத்தாண்டு கழித்து வரம்பில் வந்து நின்று, 'மாடு பூட்டி உழுவதற்கே விற்றேன். இயந்திரம் இறக்குவதானால் மறுபடியும் விலை தா' என்றால், சம்மாந்துறைப் போடியார் சொல்லும் மறுமொழியை இவ்வேட்டில் அச்சிட இயலாது. குத்தகையாயின் குத்தகை என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கலிபோர்னியா மாநிலம் 2025 சனவரி முதல் அதைத்தான் சட்டமாக்கியுள்ளது: கொடுப்பது அனுமதி மாத்திரமே என்று தெளிவாக உரைக்காமல், 'வாங்குக' என்னுஞ் சொல்லை இணையச் சரக்குக்கு வழங்கலாகாது.

நமது நாட்டுச் சட்டம் ஊமையன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே வாங்கியவனின் இடையூறற்ற அனுபோகத்துக்கு உத்தரவாதம் தருகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாக வாங்கிய நிரலின் ஒரு பிரதியைக் காப்புக்காக எடுத்து வைக்க இடந்தருகிறது. ஆனால் பிரதிசெய்வதைத் தடுக்கும் பூட்டைத் திறப்பதற்கென ஆக்கிய கருவியை விற்பனைக்காக இறக்குமதி செய்வதை அதே சட்டம் தடுக்கிறது. ஒரு கையாற் சோற்றைப் பரிமாறி மறு கையால் வாயைப் பொத்தியதற்கு ஒப்பான நிலை இது! (போலி இறுவட்டு விற்போருக்காக நான் வாதாடுகிறேன் என்று எவரும் கருதற்க. அது களவு. நேர்வழியை அடைத்துவிட்டால் குறுக்குவழியில் கூட்டம் கூடும் என்பதும் உண்மையே.)

கமக்காரர் இதனை விளையாட்டென்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜோன் டியர் உழவு இயந்திரத்தை வாங்கிய உழவர், கம்பனியின் மென்பொருட் பூட்டினால் தமது இயந்திரத்தைத் தாமே முழுமையாகத் திருத்த முடியாது தவித்தனர். கொலராடோ மாநிலம் 2023இல் திருத்தும் உரிமைக்குச் சட்டமியற்றியது. 2025 சனவரியில் அந்நாட்டு வணிக ஆணைக்குழுவே அக்கம்பனிமேல் வழக்கிட்டது. அறுவடைக் காலத்தில் இயந்திரம் வயல் நடுவே நின்றுவிட, அதன் திறப்பு கடல் கடந்த அலுவலகத்தில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

எழுத்துத் தொழில் புரிவோர் இதன் இன்னொரு முகத்தை அறிவர். பாமினி எழுத்துருவில் அடித்துச் சேமித்த மனுக்களையும் உறுதி வரைவுகளையும் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் இராது. பொருளற்ற ஆங்கில எழுத்துகள் அணிவகுத்து நிற்கும். யூனிகோட் வந்தபின் பழையதைப் புதியதாக்கும் கருவிகளைத் தமிழார்வலரே ஆக்கி இலவசமாக வழங்கினர். அங்கே பூட்டில்லை, ஆகவே இயன்றது.

நாம் கேட்க வேண்டியவை அளவுக்கு மிஞ்சியவையல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள்களின்மேல் ஒட்டும் விபரச் சீட்டுப் பற்றிப் பணிப்புரை விடுக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அதிகாரமுண்டு. எந்தப் பழைய இறுவட்டை ஏற்கும், எதனை ஏற்காது, எதற்கு இணையம் வேண்டும் என்பதைப் பெட்டியின் வெளிப்புறத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்கும்படி அது பணிக்கட்டும். முறையாக வாங்கிய பொருளைத் தானே பயன்படுத்தவும் திருத்தவும் பூட்டைத் திறப்பவன் குற்றவாளி ஆகான் என்று ஒரு வாசகத்தைப் பாராளுமன்றம் புலமைச் சொத்துச் சட்டத்திற் சேர்க்கட்டும். முன்னதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மகஜர் ஒன்று போதும். கமக்காரர் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் சேர்ந்து ஒப்பமிடுவராயின், அதனை வரைந்து கொடுக்க நான் ஆயத்தமாயிருக்கிறேன்.