எந்த விளக்குக்கு இந்த முகம்?

ஒப்பனை என்றதும் வண்ணத்தைப் பற்றிப் பேசுகிறோம். பூசும் கையின் தேர்ச்சியைப் பற்றிப் பேசுகிறோம். விளக்கைப் பற்றிப் பேசுவோர் அரிது. கூத்தைக் குறித்த ஆய்வேடுகளில் 'ஒப்பனை' என்றோர் இயல் தவறாமல் இருக்கும். எந்த வேடத்துக்கு எந்த நிறம் என்ற பட்டியலும் இருக்கும். அந்த நிறம் எந்த ஒளியில் காண்பதற்காகப் பூசப்பட்டது என்று கேட்டவற்றை நான் அதிகம் கண்டதில்லை. அதைக் கேளாமல் ஒப்பனையை மதிப்பிடுவது, தாளத்தைக் கேளாமல் பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வதைப் போன்றது என்பேன்.

அரிதாரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமம் அது. நடிகர் முகத்தில் ஏறும் எல்லாப் பூச்சுக்கும் பின்னாளில் அதுவே பெயராயிற்று. கதகளியில் இந்த மஞ்சளோடு நீலத்தைக் குழைத்துத்தான் 'பச்சை' வேடத்தின் நிறத்தைப் பெற்றார்கள். பகலில் பார்த்தால் அந்தப் பச்சை கண்ணை உறுத்தும். ஆனால் அது பகலுக்கானது அன்று. ஆடுவோனின் முன்னால் எரியும் ஆட்டவிளக்கின் எண்ணெய்ச் சுடருக்கானது. சுடரொளியில் செம்மையும் மஞ்சளும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. பச்சை அங்கே தணிந்து ஆழம் கொள்கிறது. தாடையைச் சுற்றி நிற்கும் வெண்மையான சுட்டி, இருக்கிற சிறிது வெளிச்சத்தையும் வாங்கி முகத்துக்கு எல்லை வகுக்கிறது. ஒளி தாழ்விலிருந்து எழுவதால் கண்குழியில் நிழல் தேங்குவதில்லை. சுடர் அசைந்தால் முகமும் அசைகிறது!

தெருக்கூத்தின் முகங்களும் இப்படித்தான், தீவட்டியிலும் பின்னர் பெட்ரோமாக்ஸிலும் பார்த்துப் பார்த்துத் தேறியவை. குழல்விளக்கு வந்தபோதே அவை சற்று வெளிறின. இன்றைய மலிவான வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளில் நீலம் தூக்கலாகவும் ஆழ்ந்த சிவப்பு குறைவாகவும் இருக்கிறது. விளைவு என்ன? வீரத்துக்கென்று பூசிய செம்மை, செங்கல் தூளாகத் தெரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் இதை நேரில் கண்டேன். கலைஞர்களுக்கு ஒதுக்கிய அறையில் ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் முதுகுக்குப் பின்னால். ஆளுக்கொரு கைக்கண்ணாடியை ஏந்தி, தத்தம் நிழலிலேயே வரைந்துகொண்டார்கள். மேடையிலோ உச்சியிலிருந்து கொட்டும் வெள்ளை வெளிச்சம். முதல் வேடம் திரைக்கு வெளியே வந்ததும், "பெயிண்ட் அடிச்சிருக்காங்கடா" என்று மாணவர் வரிசையில் ஒரு குரல், தொடர்ந்து சிரிப்பு. அறுபது வயதைக் கடந்த வாத்தியார் இடைவேளையில் வந்து, "சார், மஞ்ச லைட்டு ரெண்டு கெடைக்குமா? மொகம் வேற மாதிரி தெரியுது" என்று மெதுவாகக் கேட்டார். வெளிச்சம் குறைந்தால் வீடியோ சரியாக வராது என்று பதில் கிடைத்தது. கூத்து மக்களிடம் செல்வாக்கிழந்தது ஏன் என்று அடுத்த மாதமே அங்கு கருத்தரங்கம் நடத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. சினிமாவே இந்தப் பாடத்தைக் கற்றுத்தான் வளர்ந்தது. மௌனப்பட காலத்தின் படச்சுருள் சிவப்பை உணராது. சிவப்புச் சாயமிட்ட உதடு திரையில் கறுத்துப்போகும். 1920களின் இறுதியில் எல்லா வண்ணங்களையும் உணரும் சுருளும் டங்ஸ்டன் விளக்கும் வந்தபோது, நடிகர்களின் முகப்பூச்சையே புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. அங்கே விளக்கு மாறியதும் பூச்சை மாற்றினார்கள். நாமோ விளக்கை மாற்றிவிட்டுப் பூச்சைப் பழிக்கிறோம்.

பெட்ரோமாக்ஸுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் முகம் தெரியவேண்டும் என்பது கலைஞர்களின் விருப்பமும்கூட. ஆனால் மின்விளக்கிலும் தேர்வு உண்டு. பழைய குண்டு விளக்கின் ஒளி 2700 கெல்வின் அளவிலானது. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500. எல்.ஈ.டி.யிலும் 2700 கிடைக்கிறது. அத்துடன் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண் ஒன்று பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். நூற்றுக்கு 90க்கு மேல் இருப்பதை வாங்குவது நல்லது. 80 என்பது தாழ்வாரத்துக்குப் போதும், முகத்துக்குப் போதாது. விளக்கை உச்சியில் மாட்டாமல் முகத்துக்கு எதிரே, இரு பக்கமும் வைக்கவேண்டும். கல்யாண வீடுகளுக்கும் இது பொருந்தும். குழல்விளக்கு அறையில் அலங்கரிக்கப்பட்டுக் காலை வெயிலில் மாலை மாற்றிக்கொள்ளும் மணப்பெண்கள் பாவம். அவர்களைச் சன்னலோரம் உட்காரவைத்தாலே போதும்.

கூத்துக்கு அழைக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேடைக்கு எந்த விளக்கோ அதே விளக்கு இரண்டை ஒப்பனை அறையிலும் மாட்டிக் கொடுங்கள். முடியாதென்றால், முகம் எழுதி முடிந்ததும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பாக மேடை விளக்கை ஏற்றி, வாத்தியாரை அங்கே வந்து கண்ணாடி பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது அவருக்குத் தெரியும்.