கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள்

எங்கள் வீட்டு ஜன்னலில் பழைய குளிரூட்டி ஒன்று இருந்தது. குளிர் குறையும்போதெல்லாம் பழுது பார்ப்பவர் வருவார். "கேஸ் குறைஞ்சு போச்சு ஆண்ட்டி, டாப்-அப் பண்ணிடலாம்" என்பார். அம்மாவும் பணத்தை எண்ணிக் கொடுப்பார். மூன்று ஆண்டுகளில் மூன்று முறை. அந்தக் கேஸ் எங்கே போனது என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். காரில் பெட்ரோல் தீர்வதுபோல் குளிரூட்டியில் கேஸ் தீர்வதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. வெளிப்பக்கச் சுருளில் வெப்பத்தை விட்டுவிட்டு அது திரவமாகிறது. பிறகு மெல்லிய குழாய் வழியே வந்து, அழுத்தம் குறைந்ததும் உட்பக்கச் சுருளில் கொதித்து, அறையின் வெப்பத்தை உறிஞ்சி மீண்டும் வாயுவாகிறது. அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. ஜன்னல் வகையில் குழாய்களைத் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடிவிடுவார்கள். பலவற்றில் கேஸ் ஏற்றுவதற்கான வால்வுகூட இருக்காது. ஆகவே கேஸ் குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். அதை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, பஞ்சரை ஒட்டாமல் டயருக்குக் காற்றடிக்கும் வேலைதான்.

சில வேளைகளில் கேஸ் குறைந்திருக்கவே செய்யாது. சுருளில் பனி படிந்தால் உடனே கேஸைக் குறை சொல்கிறோம். தூசு அடைத்த வடிகட்டியும் அதே பனியை உண்டாக்கும். அதைக் கழுவிப் பார்க்கக் காசு செலவில்லை. மாணவர்களாகிய நீங்களே செய்யலாம், மின்சாரத்தை அணைத்துவிட்டு. கேஸ் ஏற்றும் வேலையை மட்டும் தொடாதீர்கள். பீறிடும் திரவம் தோலை உறையவைத்துவிடும்.

இது அம்மாவின் பணத்தோடு முடிகிற விஷயமன்று. பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 1,800 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அரை கிலோ கசிந்தால், ஏறக்குறைய 900 கிலோ கரியமில வாயுவை வெளிவிட்டதற்குச் சமம். கிட்டத்தட்ட 400 லிட்டர் பெட்ரோலை எரித்தால்தான் அவ்வளவு வரும். 1987-இன் மொண்ட்ரியல் ஒப்பந்தம் இத்தகைய பொருள்களைப் படிப்படியாக ஒழித்துவருகிறது. புதிய குளிரூட்டிகளில் உள்ள ஆர்-32 ஓசோனைக் கெடுக்காது. ஆனால் அதற்கும் 675 மடங்கு உண்டு.

முறையான வேலைக்கு நேரம் பிடிக்கும். கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். பிறகு இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் எழுதியுள்ள எடைக்குத் தராசு வைத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். செலவும் கூடும்தான். பழைய இயந்திரத்துக்கு அது கட்டுப்படியாகாமல் போகலாம். அப்போது புதிதாக வாங்குவதில் தவறில்லை, மிச்சமுள்ள கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொண்டால்.

நான்காம் முறை வேறொருவர் வந்தார். அம்மா அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போனார். செப்புக் குழாய் இரும்புச் சட்டத்தில் உராய்ந்து தேய்ந்திருந்த இடத்தில் ஒரு குமிழி மெல்ல எழுந்தது.