உண்டியல் கொடுத்தவர்கள் சம்பளச் சீட்டைப் பற்றிப் பேசவில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய காலனி ஒன்றில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். போன மாதம் அங்கே ஒரு அறக்கட்டளையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பிள்ளைகளுக்கு நிதிக் கல்வி கொடுக்கப் போகிறார்களாம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் உண்டியல் கொடுத்தார்கள். தேவை எது, ஆசை எது என்று பிரித்து எழுதச் சொன்னார்கள். தினம் பத்து ரூபாய் சேர்த்தால் பத்து வருடத்தில் எவ்வளவு ஆகும் என்று பலகையில் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் சரி. கிளம்பும்போது ஒருவர் சொன்னார்: "உங்க அப்பா அம்மா பண்ண தப்ப நீங்க பண்ணக் கூடாது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

என்ன தப்பு செய்தார்கள் தோழர்களே? அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தாய்மார்களில் பாதிப் பேர் ஒப்பந்தக் கூலிகள். கம்பெனி வாசலைத் துடைக்கிறவர்கள், கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள். வாங்கும் கூலியில் அரிசி, வாடகை, மருந்து, பள்ளி வேன் எல்லாம் ஓட்டி, மாதக் கடைசியில் இருபது ரூபாயை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற பெண்களுக்கா சிக்கனம் தெரியாது?

நம் மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்பது ஒரு பழைய பொய். சேர்த்ததெல்லாம் எங்கே போனது என்ற கேள்வியை மறைக்கத்தான் அந்தப் பொய் வேண்டியிருக்கிறது. இதே கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கும் தேர்வாய் கண்டிகையைப் பாருங்கள். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஊரை ஒட்டிய காட்டை அவர்களே காத்து வந்தார்கள். மாடு மேய்ந்தது, விறகு கிடைத்தது, ஏரிக்குத் தண்ணீர் வந்தது. ஆடு மாடுதான் அந்த ஊரின் உண்டியல்; பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் இரண்டு மாடு, பையனுக்குக் கல்லூரி என்றால் நான்கு ஆடு. அந்த நிலத்தில் 1,127 ஏக்கரை அரசு சிப்காட்டுக்கு எடுத்துக்கொண்டது. மிஷலின் டயர் தொழிற்சாலை அங்கே வந்தது. ஊர் மக்கள் போராடினார்கள், கைதானார்கள், 2012இல் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து பிரான்ஸ் வரை புகாரைக் கொண்டுபோனார்கள். மேய்ச்சல் நிலம் போனவனிடம் வந்து, 'உண்டியலில் காசு போடு' என்கிறது இந்தக் கல்வி.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். இன்றைய திருவள்ளூர் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர், 1891இல் அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். கடனால் பண்ணைக்குக் கட்டுண்டு கிடந்த நம் முன்னோரின் நிலைமை அதில் இருக்கிறது. பஞ்சமி நிலம் வந்தது அதன் பிறகுதான். அந்த நிலமும் யார் யார் கைக்குப் போனது என்று நமக்குத் தெரியும். செங்கல் சூளையில் இன்றைக்கும் முன்பணம் என்ற பெயரில் அதே கயிறுதான். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து திருவள்ளூர் சூளைகளில் கல் அறுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் நடத்துகிறது. 2024இல் அது இளைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் என்றே நடந்தது. கூட்டு வட்டியின் வலிமை அதில் ஒரு பாடம். கூட்டு வட்டியின் வலிமையை நம் தெருவுக்கு வந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. தண்டல்காரர் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் பைக்கில் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

அப்படியானால் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தரவே வேண்டாமா? கட்டாயம் சொல்லித்தர வேண்டும். இதில் நம் மீதும் குற்றம் இருக்கிறது. அண்ணல் படத்தை வகுப்பில் மாட்டுகிறோம். அவர் 1923இல் ரூபாயின் பிரச்சனை பற்றி ஆய்வேடு எழுதிய பொருளாதார அறிஞர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொன்னோம்? பதினெட்டு வயசில் தவணைக்குப் பைக் எடுத்து, தவணை கட்டக் கடன் செயலியில் வாங்கி, அந்தச் செயலிக்காரன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்தியதும் ஊரை விட்டே ஓடிய தம்பி நம் தெருவிலும் இருக்கிறான். பேனருக்கு வசூலிக்கத் தெரிந்த நமக்கு அவனோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட நேரம் இல்லாமல் போனது.

ஆனால் நாம் சொல்லித்தர வேண்டிய கணக்கு வேறு. நம் தம்பி ஒருவன் டிப்ளமோ முடித்து ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தான். பேசிய கூலி நாளுக்கு 450. இருபத்தாறு நாளுக்கு 11,700. வைப்பு நிதிக்கு அவன் பங்கு 12 சதவீதம், 1,404. இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம், 88. கைக்கு வர வேண்டியது 10,208. வந்தது 8,700 சொச்சம். முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் இவன் கூலியிலேயே பிடித்திருக்கிறார்கள். சட்டப்படி அது கூடவே கூடாது. அவனுக்கு அது தெரியாது, சம்பளச் சீட்டும் கொடுக்கவில்லை. ஒப்பந்தக்காரர் கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றினால் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியாது. இவன் மாதம் ஐந்நூறு சேமிக்கவில்லை என்று கவலைப்படுகிறவர்கள், மாதம் ஆயிரத்து ஐந்நூறு பறிபோவதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, கொத்தடிமையாக வைத்திருக்கக் காரணமான கடன் செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்றது. 2003இன் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டியையும் தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எந்த உண்டியல் வகுப்பிலாவது இதில் ஒன்றைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

போன ஞாயிறு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவின் தண்டல் அட்டையைக் கொண்டுவந்தாள். பத்தாயிரம் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்திருக்கிறார்கள். தினம் நூறு, நூறு நாள். "பதினஞ்சு பெர்சன்ட் தானேண்ணா?" என்றாள். நூறு நாளைக்குத்தான் அந்த வட்டி, அசலும் தினம் தினம் குறைந்துகொண்டே வருகிறது என்று சொல்லி, பலகையில் நாள் நாளாகப் போட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு 120 சதவீதம் வந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள் அந்த எண்ணை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள், அம்மாவிடம் காட்ட.

அடுத்த ஞாயிறு சம்பளச் சீட்டு. வீட்டில் இருப்பதையெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். சீட்டே கொடுக்காத கம்பெனிகளின் பெயரைத் தனியாக எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். உமங் செயலியில் வைப்பு நிதிக் கணக்கைப் பார்க்கத் தெரிந்த கல்லூரித் தோழர்கள் நான்கைந்து பேர் வேண்டும். மாலை நான்கு மணிக்கு வந்துவிடுங்கள்.