வாடகைக்காரருக்கு உண்டு, குத்தகைக்காரனுக்கு இல்லை

தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு 2023 டிசம்பர் மறந்திருக்காது. மிக்ஜாம் புயல் மழை. வீட்டுக்குள்ள தண்ணி. அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. எங்க ஊர் வண்டலூர் வட்டம், எங்களுக்கும் வந்தது. டோக்கன் வாங்கி ரேஷன் கடை வரிசையில நின்னு வாங்கினேன். நன்றி மறக்கலை.

அந்த வரிசையில "இது உன் சொந்த வீடா, பத்திரம் எங்கே?"ன்னு யாரும் கேட்கலை. வாடகைக்கு இருந்தாலும், நனைஞ்சவர் கையிலதான் காசு. அதுதான் நியாயம்.

இப்ப வயலுக்கு வாங்க. அதே மழை, அதே அரசு. 33 சதவீதத்துக்கு மேல சேதமான நெல்லுக்கு, ஹெக்டேருக்கு 13,500 ஆக இருந்த நிவாரணத்தை 17,000 ஆக்கினாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஏக்கருக்குக் கணக்குப் போட்டா 6,880 ரூபாய். உழவு, நாத்து, நடவு, களை, உரம்னு நான் போட்டது ஏக்கருக்கு 25,000க்கு மேல. சரி, நிவாரணம்னா முழு நஷ்டமும் வராதுன்னு விவசாயிக்குத் தெரியும். அதுக்காக நான் இதை எழுதலை.

நான் பயிர் வெச்சது ரெண்டு ஏக்கர். அதுல அரை ஏக்கர்தான் சொந்தம். மீதி ஒன்றரை ஏக்கர் வாய்ப் பேச்சுக் குத்தகை. நிலத்துக்காரர் சிட்டியில இருக்கார். விலை ஏறினா மனை போடலாம்னு வாங்கிப் போட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல நாலு நாள் தண்ணிக்குள்ள கிடந்தது என் பயிர். ஆனா பட்டா அவர் பேர்ல. அரை ஏக்கருக்கு எனக்கு 3,440 வந்தது. ஒன்றரை ஏக்கருக்கு உண்டான 10,320 அவர் கணக்குக்குப் போச்சு.

"நான்தான் பயிர் வெச்சேன்னு ஒரு கையெழுத்து போடுங்க"ன்னு முன்னாடியே கேட்டிருந்தேன். "போட்டா நாளைக்கு நிலத்துல உரிமை கேட்பே"ன்னார். குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969லேயே இங்க சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் யாரும் எழுதிக் கொடுக்கிறதில்லை.

"பட்டா பார்க்காம கொடுத்தா, ஆளாளுக்கு நான்தான் நட்டேன்னு வந்து நிப்பாங்களே"ன்னு கேட்பீங்க. உரம் வாங்கும்போது ஆதாரும் கைரேகையும் மிஷின்ல வெச்சுத்தானே வாங்குறேன்? சேதக் கணக்கு எடுக்க வர்றவர், பக்கத்து வயல்காரங்க நாலு பேரைக் கேட்டாலே போதுமே? மனசு இருந்தா வழி இருக்கு.

நான் கேட்கிறது ஒண்ணுதான். பயிர் நிவாரணம் பயிர் வெச்சவனுக்கு. அடங்கல்ல சாகுபடி செஞ்சவன் பேரை எழுதுங்க. அதை வெச்சு நிலத்துல உரிமை கோர முடியாதுன்னு அதுலயே போட்டுடுங்க. நிலத்துக்காரர் பயமும் தீரும்.

இல்லேன்னா நாங்க ஒவ்வொருத்தரா விட்டுட்டுப் போயிடுவோம். அந்த நிலத்துல மண்ணடிச்சு மனைக்கல் நட்டுடுவாங்க. அப்புறம், நாலு நாள் எங்க வயல்ல நின்ன தண்ணி நிக்க இடமில்லாம அடையாற்றுல இறங்கி முடிச்சூருக்குத்தான் வரும். அப்பவும் 6,000 கிடைக்கும். வரிசையில நிக்கலாம்.