சீட்டைக் கேட்டீங்க, என்னைக் கேட்டீங்களா?

ஆடிட்டிங் படிக்க வேண்டிய நேரத்துல இப்படி ஒரு காட்டமான பதிவு எழுத வெச்சுட்டாங்க மக்களே...

கூடப் படிக்கிற ஒருத்தர் காதலைச் சொன்னார். நான் இல்லைன்னு மரியாதையாத்தான் சொன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிக்கிறப்ப அவரோட நண்பர் வந்தார். "அவன் டாரட் போட்டுப் பார்த்தான். உனக்கு உள்ளுக்குள்ள விருப்பம்தானாம், வீட்டுக்குப் பயந்து மறைக்கிறியாம். மூணாவது தடவை லவ்வர்ஸ் சீட்டே வந்துச்சு!"

முதல் ரெண்டு தடவை என்ன வந்துச்சுன்னு கேட்டேன். பதில் இல்லை :-)

கேட்டா, "இது ஜோசியம் இல்ல, சுயபரிசோதனை"ங்கறாங்க. 'அவ இல்லைன்னு சொன்னது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குது?'ன்னு கேட்டுச் சீட்டை எடுத்தா அது சுயபரிசோதனை. ஒத்துக்கறேன். 'அவளுக்கு என்னைப் பிடிக்குமா?'ங்கறதுல சுயம் எங்க இருக்கு? அந்த 78 சீட்டும் உங்க ஆசையை உங்களுக்குக் காட்டலாம். என் மனசை எதுலயும் அச்சடிக்கலை.

எகிப்து ரகசியம்னு கதை விடறவங்களுக்கு ஒரு தகவல்: டாரட் 15-ஆம் நூற்றாண்டுல வட இத்தாலியில விளையாட்டுச் சீட்டாத்தான் பிறந்துச்சு. அதை வெச்சுக் குறி சொல்றது பரவினது 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல. இப்ப பலரும் பிரிச்சுப் போடுற படங்கள் 1909-ல வெளிவந்தவை, பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்சது.

மேல்நாட்டுக் குப்பைன்னு நாம குதிக்கவும் முடியாது. சங்கப் பாட்டுல வெறியாட்டு இருக்கே? மகள் மெலிஞ்சு போனா தாய் வேலனைக் கூப்பிடுவா. அவன் கழங்கு போட்டுப் பார்த்து, முருகன் அணங்குன்னு சொல்வான். உண்மைக் காரணம் ஒரு மலைநாட்டுக்காரன்னு தோழிக்குத் தெரியும். ஆட்டம், படையல், பலி எல்லாம் நடக்கும். பொண்ணைக் கேட்க மட்டும் யாருக்கும் தோணாது.

"ஆண்டாளே கூடல் இழைச்சாளே"ன்னு தோழி ஒருத்தி மடக்கினா (ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, வேற எப்படிப் பேசுவா!). நாச்சியார் திருமொழியில நாலாம் திருமொழி. கண்ணை மூடி மணல்ல வட்டம் போட்டு, ரெண்டு முனையும் சேர்ந்தா அவன் வருவான்னு பார்க்கிறது. ஆனா படிச்சுப் பாருங்க. அவன் வேணும்னு பாட்டுக்குப் பாட்டு சொல்றா. வட்டம் கூடிச்சா இல்லையான்னு ஒரு பாட்டுலயும் சொல்லலை. மணல் சொல்லிடுச்சுன்னு யாரையும் மடக்கவும் இல்லை. அடுத்த திருமொழியில குயில்கிட்ட கெஞ்சறா, எட்டாவதுல மேகத்தைத் தூது அனுப்பறா.

நேர்ல கேட்கறது பயம்தான், புரியுது. சீட்டு முகம் சுளிக்காது. பிடிக்காத பதில் வந்தா கலைச்சு மறுபடி போடலாம். ஆனா இவர் ஏற்கெனவே நேர்ல கேட்டுட்டார், பதிலும் வாங்கிட்டார். அப்புறமும் சீட்டை எடுத்தது என்னைத் தெரிஞ்சுக்கவா, என் பதிலை அடிச்சுத் திருத்தவா?

ஆடிட்டிங்ல கடனாளி பாக்கியைச் சரிபார்க்க அவருக்கே கடிதம் போட்டு உறுதி கேட்பாங்க. கிளி ஜோசியரைக் கேட்டு பேலன்ஸ் ஷீட் முடிக்கிறதில்லை. பி.காம் கடைசி வருஷத்துல இதுகூடத் தெரியாதா சார்?

நாளைக்கும் அதே பஸ் ஸ்டாப்புலதான் நிப்பேன். நண்பர் தூது வர வேண்டாம், பதில் சொல்லியாச்சு.

அது கிடக்கட்டும், மூணாவது யூனிட் நோட்ஸ் யார்கிட்ட இருக்கு?